அரசன் மிதிக்கப்போகிற துணி

வணக்கம் மக்களே. இன்றைக்கு என் முகத்துக்கு முன்னால் மேசையைப் பார்த்துவிடுங்கள். கேமராவைத் திருப்புகிறேன், ஒரு நிமிடம். இதோ, சுருட்டி வைத்திருக்கும் சிவப்புத் துணி. பக்கத்தில், காடாத் துணியில் வெட்டிப் பார்த்த உடுப்பு. இந்த டப்பாவில் இருப்பது ஜன்னல் திரைக்கு அடியில் வைத்துத் தைக்கிற எடைச் சங்கிலி. அப்புறம் ஒரு சீஸ் துருவி. சமைக்கவில்லை, இங்கே அதுவும் தையல் சாமான்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் லண்டனில் சின்ன நாடகக் குழுக்களுக்கு உடை வடிவமைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். பெரிய அரங்குகளில் வரைய ஒருவர், வெட்ட ஒருவர், தைக்க நான்கு பேர், சாயம் போடத் தனி ஆள் என்று இருப்பார்கள். இங்கே எல்லாம் நான்தான். இஸ்திரியும் நான்தான்.

இந்த முறை வந்திருப்பது பழைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் அகமெம்னான். கி.மு. 458இல் ஏதென்ஸில் டயோனைசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில் முதல் பரிசு வாங்கிய வரிசையின் முதல் நாடகம். அந்த வருடம் அதற்குச் செலவு செய்தவரின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்கிறது, க்சீனோக்ளீஸ். கோரஸ், அதாவது மேடையில் கூட்டமாகப் பாடி ஆடுகிறவர்கள். அவர்களின் பயிற்சி, உடை எல்லாம் அவர் கைக்காசு. வசதியான குடிமகனுக்கு ஊர் சுமத்துகிற கடமை அது. எனக்கு அப்படி ஒரு க்சீனோக்ளீஸ் வாய்க்கவில்லை, அதனால் ஒவ்வொரு மீட்டரையும் எண்ணித்தான் வாங்குகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. ட்ராய் போருக்குக் கப்பல் கிளம்பக் காற்று சரியாக அமையவில்லை. அகமெம்னான் தன் மகள் இபிஜெனியாவையே பலி கொடுத்துவிட்டுப் போகிறான். பத்து வருடம் கழித்து ஜெயித்துத் திரும்புகிறான். வாசலில் மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா செந்நிறத் துணிகளை விரித்து, அதன்மேல் நடந்து உள்ளே வரச் சொல்கிறாள். அவன் தயங்குகிறான், பிறகு நடக்கிறான். உள்ளே குளியல் தொட்டியில் ஒரு துணியைப் போட்டு மூடி அவனைக் கொல்கிறாள். துணியை விரிக்கிறாள், துணியால் மூடுகிறாள். உடை தைக்கிறவளுக்கு இதைவிட நல்ல நாடகம் கிடைக்குமா?

முதல் கூட்டத்தில் இயக்குநர் படங்களைக் காட்டினார். எல்லாமே வெள்ளை. கிரேக்கம் என்றாலே ஏன் எல்லோருக்கும் படுக்கை விரிப்பு ஞாபகம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிகிறது, பளிங்குச் சிலைகளைப் பார்த்துப் பழகிய கண். ஆனால் அந்தச் சிலைகள் செய்தபோது வெள்ளையாக இல்லை, வண்ணம் பூசியிருந்தார்கள். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் 'பெப்லாஸ் கோரே' என்று ஒரு பெண் சிலை இருக்கிறது, கி.மு. 530 வாக்கில் செய்தது. அதன்மேல் இன்றும் வண்ணத்தின் மிச்சம் தெரியும். மேடை உடை இன்னும் மோசம், அதாவது இன்னும் அழகு. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ப்ரோனமோஸ் ஜாடியைத் தேடிப் பாருங்கள். கி.மு. 400 வாக்கில் வரைந்தது. நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உடை முழுக்க வேலைப்பாடு, மணிக்கட்டு வரை பூப்போட்ட இறுக்கமான கை. தெருவில் போட்டுக்கொண்டு போகிற உடுப்பு இல்லை அது, ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்த வெளியில் தூரத்திலிருந்து தெரிய வேண்டிய உடுப்பு. இந்த ஒரு படத்தை வைத்துத்தான் இயக்குநரிடம் வெள்ளையை ஒழித்தேன்.

சரி, சிவப்புக்கு வருவோம்.

எல்லோரும் 'சிவப்புக் கம்பளக் காட்சி' என்கிறார்கள். கம்பளம் என்றால் அது அரங்கச் சாமான் பிரிவின் வேலை, என் தலையில் விழாது. ஆனால் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ஆடையைக் குறிக்கிற சொல். அந்த வீட்டின் நெசவு, உடுத்துகிற தரத்துத் துணி. அதை மண்ணில் போட்டு மிதிக்கச் சொல்கிறாள், அதனால்தான் அவன் பயப்படுகிறான். கம்பளத்தில் நடக்க எவன் தயங்குவான்? உங்கள் அம்மாவின் கல்யாணப் பட்டை வாசலில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துக்கொண்டு வா என்று ஒருவர் சொன்னால் உங்கள் கால் எப்படிக் கூசும்? அந்தக் கூச்சம்தான் அந்தக் காட்சி.

இதை நான் கூட்டத்தில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. 'அப்படியானால் நிஜமாகவே பட்டுச் சேலைகளை விரித்துவிடலாமே, உன்னிடம் இருக்குமே' என்றார் இயக்குநர். முடியாது என்றேன். என் சேலையைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் இல்லை. ஜரிகைக் கரை மேடையில் தெரிந்த அந்த நொடியே பார்க்கிறவர்கள் கதை நடக்கிற ஆர்கோஸ் ஊரை விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போய்விடுவார்கள். பாரிஸில் தெயாத்ரு டு சொலெய் குழு 1990 முதல் 1992 வரை இதே குடும்பத்துக் கதையை நான்கு நாடகங்களாகப் போட்டது. அரியான் முனுஷ்கின் இயக்கம். கோரஸின் உடையிலும் ஆட்டத்திலும் கதகளி அப்படியே தெரியும். அங்கே தலை முதல் கால் வரை ஒரே பாணியில் இருந்ததால் நின்றது. நாங்கள் ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் சேலையைக் கொண்டுவந்தால் அது ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும்.

அதனால் என்ன செய்தேன்? ஒரே ரோல் துணி. பாதையும் அதில்தான், கொலைத் துணியும் அதில்தான். என் முழு வடிவமைப்பும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை. வாசலில் பார்த்த அதே நிறம், அதே நெசவு, கடைசியில் பிணத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். பாதைக்கு ஏழு மீட்டர், மூடுகிற துணிக்கு மூன்று மீட்டர், ஒட்டுப்போட, சோதனை செய்ய இரண்டு. மொத்தம் பன்னிரண்டு.

இங்கேதான் அடி வாங்கினேன். ஒரு கடையில் சுத்தக் கம்பளித் துணி என்று சொல்லி விற்றார்கள். தொட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது, விலையும் அப்படித்தான் இருந்தது. நம்பி வாங்கிவந்து, பெரிய பாத்திரத்தில் கம்பளிக்கான சாயத்தைக் கரைத்து, வினிகர் ஊற்றி, மெதுவாகச் சூடேற்றினேன். கம்பளியை வேகமாகக் கிளறக் கூடாது, சுருங்கி ஜமுக்காளமாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் ரோஜா நிறம். ரத்தச் சிவப்பு கேட்டவளுக்கு ஐஸ்கிரீம் நிறம். அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஓரத்தில் நாலு நூலை உருவித் தீயில் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நசுக்கினால் சாம்பலாக உதிரும். இதில் பாதி உதிர்ந்தது, பாதி உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பாலியெஸ்டர் கலப்பு. அந்தச் சாயம் பாலியெஸ்டரில் ஏறவே ஏறாது. கடைக்காரரிடம் போனால், வெட்டிய துணியைத் திரும்ப எடுப்பதில்லை என்று பலகையைக் காட்டினார். துணி வாங்கப் போகும்போது பையில் தீப்பெட்டி இருக்கட்டும், வேறென்ன சொல்ல.

வேறு துணி வாங்கப் பணம் இல்லை. அதே துணியில் சாயத்தை இரட்டிப்பாக்கி மறுபடி போட்டேன். ஏறிய கம்பளி நூலும் ஏறாத பாலியெஸ்டர் நூலும் சேர்ந்து ஒரு மாதிரி மினுங்குகிற ஆழமான சிவப்பு வந்தது. நேர்மையாகச் சொன்னால் நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது, கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் காலத்து விலையையும் கேளுங்கள். கிளைட்டெம்னெஸ்ட்ரா சொல்கிற நிறம் கடல் நத்தையிலிருந்து எடுக்கிற போர்ஃபிரா. 'கடல் இருக்கிறதே, அதை யார் வற்றவைக்க முடியும்' என்று அலட்சியமாகக் கேட்கிறாள், எவ்வளவு மிதித்தாலும் இன்னும் சாயம் வந்துகொண்டே இருக்கும் என்ற பொருளில். 1909இல் பால் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயம்தான் எடுத்தார். ஏழு மீட்டர் துணிக்கு எத்தனை நத்தை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவள் எரிப்பது வீட்டுச் சொத்தை.

நிறம் சரியாக வந்தாலும் விளக்கில் காட்டாமல் நம்பாதீர்கள். சிவப்பின்மேல் பச்சை விளக்கு விழுந்தால் கறுப்பாகிவிடும், மஞ்சள் விழுந்தால் செங்கல் ஆகிவிடும். விளக்குப் பொறுப்பாளருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, ஒரு முழம் துணியோடு மேடையில் போய் நில்லுங்கள்.

இப்போது கிளைட்டெம்னெஸ்ட்ராவின் உடை. பெப்லாஸ். இதில் வெட்டே கிடையாது, செவ்வகம்தான். தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே உடுத்தினார்கள். சேலை, வேட்டி கட்டுகிற நமக்கு இது விளக்க வேண்டியதில்லை, ஆனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது. நடிகை 165 செ.மீ. தோளிலிருந்து தரை வரை 138. மேலே வெளிப்பக்கம் மடித்துத் தொங்கவிட 45, இடுப்பில் கட்டி மேலே இழுத்துப் பை மாதிரி தளர்த்திவிட 17. மொத்தம் இரண்டு மீட்டர் உயரம். சுற்றளவு மூன்று மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலத் துணி என்றால் இரண்டு இரண்டு மீட்டராக இரண்டு துண்டு, ஆக நாலு மீட்டர். இரண்டு பக்கமும் இணைத்து, தோளில் பிடித்து, இடுப்பில் கட்டினால் முடிந்தது.

முடிந்ததா? கட்டிப் பார்த்தால் குளியலறையிலிருந்து துண்டோடு வந்தவர் மாதிரி இருக்கும். வெட்டும் தையலும் இல்லாத உடையில் துணி விழுகிற விதம் மட்டும்தான் அழகு. மெல்லிய பாலியெஸ்டர் உடம்பில் ஒட்டும். லினன் உட்கார்ந்து எழுந்தால் கசங்கும். ஈவா பாமர் என்று ஓர் அமெரிக்கப் பெண், கிரேக்கக் கவிஞர் சிகெலியானோஸை மணந்து அங்கேயே வாழ்ந்தவர். 1927இல் டெல்ஃபியின் பழைய அரங்கத்தில் இந்தத் தம்பதி ப்ரொமெதியஸ் நாடகத்தைப் போட்டபோது, கோரஸ் பெண்களின் உடையை அவர் தறியில் தானே நெய்தார். கடைத் துணியில் சிலைகளின் மடிப்பு வராது என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும், வருடக்கணக்காகத் தான் நெய்ததைத்தான் உடுத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தறி இல்லை, பத்து நாள்தான் இருக்கிறது. அதனால் கம்பளி க்ரேப், அடி ஓரத்தில் இந்த எடைச் சங்கிலி. பாருங்கள், இது சங்கிலி வைத்தது, இது வைக்காதது. நடந்து நின்றதும் சங்கிலி வைத்தது ஒரே ஆட்டத்தில் அடங்கிவிடுகிறது.

ஒரு ரகசியம் காட்டட்டுமா? கிளைட்டெம்னெஸ்ட்ராவின் உடை வெளியே கரும்பச்சை. மேல்மடிப்பின் உள்பக்கம் மட்டும் குங்குமப்பூ மஞ்சள். இபிஜெனியாவைப் பலிபீடத்துக்குத் தூக்கியபோது அவளுடைய குங்குமப்பூச் சாய உடை தரையில் வழிந்தது என்று கோரஸ் பாடுகிறது. மேடையில் அந்தப் பெண் வரவே மாட்டாள். பிணத்தின்மேல் நின்று அம்மா கையை உயர்த்தும்போது அந்த மஞ்சள் ஒரு தடவை தெரியும், அவ்வளவுதான். பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். பரவாயில்லை.

தோளில் குத்துகிற ஊசி ஒரு தனிக் கதை. நம் ஊக்கு மாதிரி நினைக்காதீர்கள், பழைய வெண்கல ஊசிகள் நீளமானவை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். ஐகினா தீவுக்குப் படையெடுத்துப் போன ஏதென்ஸ்காரர்களில் ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினான். செத்தவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டு, என் புருஷன் எங்கே, என் புருஷன் எங்கே என்று கேட்டுக் கேட்டு ஆடை ஊசியாலேயே குத்திக் கொன்றார்களாம். அதற்குப் பிறகுதான் ஊசி தேவைப்படாத கைட்டன் என்ற லினன் உடுப்புக்கு அந்த ஊர்ப் பெண்களை மாற்றினார்களாம். இன்னொரு கிரேக்க நாடகத்தில் ஈடிபஸ் அரசன் தன் கண்களைக் குத்திக்கொள்வதும் மனைவி யொகாஸ்டாவின் உடையிலிருந்து பிடுங்கிய ஊசியால்தான். என் மேடையில் நிஜ ஊசி இல்லை. தோளை உள்ளே தைத்துவிட்டு, பிரஸ் பட்டன் வைத்து, மேலே மரத்தில் செய்து பித்தளை வண்ணம் பூசிய பொம்மை ஊசி. உள்ளே ஒரு இறுக்கமான பனியனில் நாலு இடத்தில் பிடித்திருக்கிறேன். நடிகை குதித்தாலும் நழுவாது.

கோரஸ் ஆறு கிழவர்கள். ஹிமேஷன் என்ற போர்வை, ஆளுக்கு மூன்று மீட்டர். இடது தோளில் போட்டு, முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து, வலது கைக்கு அடியில் எடுத்து, மறுபடி இடது கைமேல். ஊசி கிடையாது, இடது கை எப்போதும் மடங்கியே இருக்க வேண்டும். ஒத்திகை முதல் நாளே பழைய போர்வைகளைக் கொடுத்துப் பழகச் சொன்னேன். ஒருவர் மட்டும் 'கடைசி வாரம் பார்த்துக்கொள்கிறேன்' என்றார். இப்போது பாட்டு நடுவில் அவருடையது மட்டும் நழுவுகிறது. சீஸ் துருவி இவர்களுக்குத்தான். முழங்கை, முட்டி, ஓரம் எல்லாவற்றையும் துருவியால் தேய்த்து நூலைக் கிளப்பிவிட்டால் பத்து வருடம் உடுத்திய துணி மாதிரி ஆகிவிடும். மேலே தேயிலைத் தண்ணீர்.

காவல்காரனும் தூதனும் ஒரே நடிகர். பழுப்புத் துணி, தூதனுக்கு மட்டும் மேலே தூசி. அடுத்தது.

கசாண்ட்ரா. ட்ராயிலிருந்து அகமெம்னான் சிறைபிடித்துக் கொண்டுவந்த இளவரசி. தெய்வ வாக்குச் சொல்கிறவளின் அணிகளை அவள் மேடையிலேயே பிய்த்து எறிகிறாள். குறிசொல்கிறவர்கள் கம்பளி நூலில் வலை மாதிரி ஒன்றை மேலே போட்டுக்கொண்டதாகப் பழைய குறிப்பு இருக்கிறது. வலை என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கொலைத் துணியையே கிளைட்டெம்னெஸ்ட்ரா மீன்வலை என்றுதானே சொல்கிறாள். குரோஷேயில் நானே பின்னினேன், பதினோரு இரவுகள். பிய்க்க வசதியாகத் தோளில் வெல்க்ரோ வைத்தேன். முதல் ஒத்திகையில் தனக்குக் குறிசொல்லும் வரம் கொடுத்த அப்போலோ தெய்வத்தைச் சபிக்கும் இடத்தில் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இப்போது சின்னக் காந்தம்.

முகமூடி எங்களுக்கு இல்லை. பீட்டர் ஹால் 1981இல் இங்கே நேஷனல் தியேட்டரில் அகமெம்னானில் தொடங்கும் மூன்று நாடகங்களையும் முழுக்க முகமூடியோடு போட்டார். அதற்கு நடிகர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அது தனி வீடியோ.

காலணியில் ஒரு சண்டை நடந்தது. கிரேக்க நாடகம் என்றால் அரை அடி உயரக் கட்டைக் காலணி என்று இயக்குநர் எங்கோ படித்திருக்கிறார். அந்த உயரம் பிற்காலத்தது. எஸ்கிலஸ் காலத்துக் கொதர்னோஸ் மெத்தென்ற பூட்ஸ், இடது வலது வித்தியாசமே கிடையாது. இரண்டு கட்சிக்கும் பொருந்திப்போன தெராமெனெஸ் என்ற அரசியல்வாதிக்கு அந்தப் பெயரையே பட்டப்பெயராக வைத்தார்கள் என்றால் பாருங்கள்.

அகமெம்னானுக்கு அந்தப் பூட்ஸையும் கழற்ற வேண்டும். துணியில் கால் வைக்குமுன் காலணியை அவிழ்க்கச் சொல்வது நாடகத்திலேயே இருக்கிறது. வெறும் காலோடு நடக்கிறான். போன செவ்வாய் அந்த ஒத்திகை. ஏழு மீட்டர் நடந்து உள்ளே போனார். திரும்பி வந்து காலைத் தூக்கிக் காட்டுகிறார், இரண்டு உள்ளங்காலும் ரத்தச் சிவப்பு! சாயத்தை இரட்டிப்பாகப் போட்டேன் இல்லையா, பாலியெஸ்டரில் பிடிக்காத அத்தனையும் துணியில் சும்மா உட்கார்ந்திருந்து, வியர்வை பட்டதும் இறங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இயக்குநர் கை தட்டினார். இதை மாற்றவே கூடாது என்றார்.

மாற்றத்தான் வேண்டும். அதே நடிகர்தான் கடைசியில் கிளைட்டெம்னெஸ்ட்ராவின் காதலன் ஆகிஸ்தஸாகவும் வருகிறார், வழியெல்லாம் சிவப்புத் தடம் விழும். அதனால் துணியை ஏழு முறை அலசினேன், தண்ணீர் தெளியும் வரை. ஆகிஸ்தஸுக்குப் பூட்ஸ் கொடுத்துவிட்டேன், போருக்கே போகாதவன், பூட்ஸ் புதிதாகவே இருக்கட்டும். ஆனால் இயக்குநர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. கதவு திறந்து பிணம் வெளியே வரும்போது நடிகர் ஆகிஸ்தஸ் வேடத்தில் உள்ளே தயாராகிக்கொண்டிருப்பார். அதனால் பிணம் ஒரு பொம்மை. அந்தச் சிவப்புத் துணியில் சுற்றி, மூன்று வெட்டுக்கு மூன்று கிழிசல் விட்டு, தலையும் கையும் வெளியே வர வழியே இல்லாமல் தைத்துவிட்டேன். வெளியே தெரிவது பாதம் மட்டும், அதுவும் பார்வையாளர்களைப் பார்த்தபடி.

இதோ அந்தப் பாதங்கள். பழைய கடைப் பொம்மையிலிருந்து கழற்றியது. சாயத் தண்ணீரை ஒரு ஜாடி மிச்சம் வைத்திருந்தேன். குதிகாலில் அழுத்தமாக, நடுப்பள்ளத்தை விட்டுவிட்டு, விரல் நுனியில் மறுபடி அழுத்தமாகப் பூச வேண்டும், அவர் காலில் அப்படித்தான் இறங்கியிருந்தது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கேமராவை இங்கேயே வைத்துவிடுகிறேன். பூசும்போது பேச மாட்டேன், கை நடுங்கும்.